ஆறு பக்கக் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி

டெக்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாளில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஒரு ஒற்றுப்பிழை கிடையாது. பெயரையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 44. சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். 2013-இல் எச்-1பி என்ற வேலை விசாவில் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் டாலஸ் போனார். 2016 மார்ச்சில் நிறுவனம் இவருக்காக ஈபி-2 என்ற, வேலை அடிப்படையிலான இரண்டாம் பிரிவில் கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கும் வேலையைத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் ஐ-140 மனு, அதாவது இவருக்காக நிறுவனம் போட்ட குடிவரவு மனு, ஒப்புதல் ஆனது. அன்றிலிருந்து வரிசையில் நிற்கிறார். அங்கே பிறந்த மகனுக்கு ஒன்பது வயது. மனைவிக்கு 2018 முதல், எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் ஈஏடி என்ற வேலை அனுமதியில் கணக்குத் துறையில் வேலை. சம்பளத்துக்குக் குறைவில்லை, சொந்த வீடு இருக்கிறது. ஆனால் போன செப்டம்பரில் இவருடைய குழுவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரைத் தொடவில்லை. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, அதே நிறுவனத்தின் சென்னை மையத்தில் 60 பேரை நிர்வகிக்கும் டைரக்டர் பதவிக்குப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிக்கும் கீழே. ஜனவரிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இனி அவர் எழுதியதிலிருந்து: "எங்கள் வீட்டு பீரோவின் உள்கதவில், 2015 ஆகஸ்டில் சுந்தர் பிச்சை கூகுளின் தலைவரானபோது வந்த பேப்பர் கட்டிங்கை அப்பா ஒட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போன வருடம் தங்கை வீட்டு விசேஷத்தில் என்னை அறிமுகம் செய்யும்போது, 'அடுத்த பிச்சை இவன்தான்' என்றார். நான் பன்னிரண்டு வருடமாக ஒரே பதவியில் இருக்கிறேன். இரண்டு தடவை மேனேஜர் பதவி கொடுத்தார்கள். கிரீன் கார்டு கேஸ் கெட்டுவிடும் என்று வேண்டாம் என்றேன். இப்போது சென்னைக்கு வந்தால் அங்கே துரத்திவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். நின்ற வரிசையும் வீண். கனடாவுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது."

மகளைப் பற்றி ஆறாம் பக்கத்தில் ஒரு வரி: "பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, வருகிற டிசம்பரில் 18 முடிகிறது, எங்களோடு அவளுக்கும் கிரீன் கார்டு வந்துவிடும், அதில் பிரச்சினை இல்லை."

தம்பி, வயதில் மூத்தவள் என்ற உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை நான் கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் அதிகம் பயப்படுகிற விஷயங்களில் பாதி, சட்டப்படி பயப்பட வேண்டியவையே இல்லை. பிரச்சினை இல்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் உண்மையான பிரச்சினை.

மகளுக்கு 21

பெற்றோரின் கிரீன் கார்டு மனுவில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு வருவது 21 வயது வரைதான். அந்தப் பிறந்தநாள் தாண்டினால் எச்-4 விசாவும் போகும், உங்கள் வரிசையில் அவளுக்கிருந்த இடமும் போகும். உங்கள் மகளுக்கு அது 2028 டிசம்பர். 2002-இல் வந்த ஒரு பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் சலுகை தருகிறது: ஐ-140 மனு எத்தனை நாள் பரிசீலனையில் கிடந்ததோ அத்தனை நாளை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதியிருப்பதன்படி உங்கள் மனு ஏழு மாதம் கிடந்தது. ஆக 2029 ஜூலை வரை இழுக்கலாம். அதற்குள், வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி வர வேண்டும்.

வருமா? நான் இதை எழுதும் 2025 நவம்பரில் ஈபி-2 இந்தியா வரிசை 2013 ஏப்ரல் 1-இல் நிற்கிறது; அதற்கு முந்தைய தேதிக்காரர்களுக்குத்தான் முறை வந்திருக்கிறது. உங்களுடையது 2016 மார்ச். மூன்று வருடம்தானே பாக்கி என்று கணக்குப் போடாதீர்கள். இந்தத் தேதி நேர்கோட்டில் நடக்காது. 2022-இல் 2014 டிசம்பர் வரை ஓடி வந்தது; அடுத்த வருடமே 2011-க்குப் பின்வாங்கியது. வேலைவாய்ப்பு அடிப்படையில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டு. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்பது விதி. எச்-1பி ஒப்புதல்களில் பத்தில் ஏழு இந்தியர்களுக்கு என்றால் இந்த வரிசை ஏன் இப்படி நீள்கிறது என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். 2029-க்குள் உங்கள் முறை வரலாம், வராமலும் போகலாம். பெண்ணின் வாழ்க்கையை அந்த "லாமில்" தொங்கவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதேபோல் நம்பி இருந்தார்கள். மூத்த பெண்ணுக்கு 21 முடிய ஆறு வாரம் இருக்கும்போதுதான் கேட்டார்கள். கல்லூரி இறுதியாண்டில், பரீட்சை நேரத்தில், அந்தப் பெண் விசா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். வேலை நடந்துவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அப்பாவோடு ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. "ஏழு வயசிலிருந்து இங்கே இருக்கேன், யாரும் என்கிட்டே சொல்லலையே" என்பதுதான் அவள் கேட்டது.

ஆகவே மகளை எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற்றும் வேலையை இப்போதே எடுங்கள். அவள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பருவம் இது. ஒவ்வொரு கல்லூரியிடமும் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: எச்-4-இல் சேர்ந்தால் மாநிலத்தவர் கட்டணமா, பின்னால் எஃப்-1-க்கு மாறினால் அந்தக் கட்டணம் நீடிக்குமா. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை எச்-4, எஃப்-1 இரண்டுக்குமே கிடையாது; அந்தச் செலவை உங்கள் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். எஃப்-1-இல் ஒரு நன்மை உண்டு. படிப்பு முடிந்ததும் ஒரு வருடமும், அறிவியல், தொழில்நுட்பப் பாடமென்றால் மேலும் இரண்டு வருடமும் அவள் வேலை பார்க்கலாம். எச்-4 பிள்ளைக்கு அது இல்லை.

ஒரு எச்சரிக்கை. எஃப்-1 கேட்பவர் படிப்பு முடிந்தால் திரும்பிவிடுவேன் என்று காட்ட வேண்டும். குடும்பமே கிரீன் கார்டு வரிசையில் நிற்பதை அதிகாரி கேள்வியாகக் கேட்கக்கூடும். அமெரிக்காவுக்குள்ளேயே விசா நிலையை மாற்றிக்கொள்வது சாதாரணமாக எளிது. ஆனால் அதன்பின் அவள் தாத்தாவைப் பார்க்க ஊருக்கு வந்தால், திரும்பிப் போகத் தூதரகத்தில் விசா முத்திரை வாங்க வேண்டும். இதையெல்லாம் அவளை உட்கார வைத்துச் சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அவளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்கும்.

பதவி உயர்வை வேண்டாம் என்றது

இதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஐ-140 ஒப்புதல் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும், மோசடி போன்ற காரணம் இல்லாதவரை உங்கள் 2016 தேதி உங்களுடையதுதான். அந்த ஒப்புதலை வைத்து எச்-1பியை மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கவும் முடியும். வேலை மாறினாலும் தேதி கூடவே வரும். புது நிறுவனம் பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று), ஐ-140 இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்; அவ்வளவுதான்.

அதே நிறுவனத்தில் பதவி உயர்வென்றால், வேலையின் தன்மையே மாறிப்போனால் மட்டும் மறுபடி பெர்ம் போட வேண்டி வரலாம். அப்போதும் தேதி போகாது. கிரீன் கார்டு மனு என்பது எதிர்காலத்தில் தரப்போகும் ஒரு வேலைக்கான மனு. இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கானது என்று பலரும் தப்பாக நினைக்கிறார்கள். யாரோ ஒரு நண்பர் சொன்னார், வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள் என்று இரண்டு பதவியை விட்டிருக்கிறீர்கள். நிறுவனத்தின் வழக்கறிஞரைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம். சொந்தமாக ஒரு அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிப் பேசுங்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதும் அதற்கு ஈடாகாது.

குழுவில் பாதிப் பேர் போன பயத்துக்கு ஒரு வார்த்தை. நாளைக்கே வேலை போனால் 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) அதற்குமுன் முடிந்தால் அதுவரை. கடைசி வேலைநாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணிக்கை ஓடும். நட்டஈட்டுச் சம்பளம் மூன்று மாதம் வந்துகொண்டிருந்தாலும் அது நிற்காது. அந்த 60 நாளுக்குள் புது நிறுவனம் மனு தாக்கல் செய்துவிட்டால் போதும், ஒப்புதலுக்குக் காத்திருக்காமலே வேலையில் சேரலாம்.

சென்னைக்கு வந்தால் வரிசை வீணா?

இதுதான் நீங்கள் முழுக்கத் தலைகீழாகப் புரிந்துகொண்ட இடம். இந்தியாவுக்கு வந்துவிட்டால் ஐ-140 செத்துப்போகாது. தேதியும் அப்படியே இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று. சென்னை வேலை அதே நிறுவனக் குழுமத்தில், அதுவும் 60 பேரை நிர்வகிக்கும் பதவி என்கிறீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஈபி-1 என்ற முதல் பிரிவுக்குள், பன்னாட்டு நிறுவன மேலாளர்களுக்கு என்று ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே, அதே குழுமத்தில், உண்மையான நிர்வாகப் பதவியில் மூன்று வருடத்துக்குள் ஒரு வருடமாவது வேலை பார்த்தவரை, அமெரிக்காவில் நிர்வாகப் பதவிக்கு அழைத்துக்கொள்ள நிறுவனம் மனு போடலாம். இதற்கு பெர்ம் வேண்டியதில்லை. முதல் மூன்று பிரிவுகளுக்குள் பழைய தேதியை எடுத்துச்செல்லலாம் என்பதால், உங்கள் 2016 தேதி புது மனுவுக்கும் வந்து ஒட்டும். ஈபி-1 இந்தியா வரிசை இந்த நவம்பரில் 2022 பிப்ரவரி 15-இல் இருக்கிறது. உங்கள் தேதி அதற்கு ஆறு வருடம் முந்தியது. புரிகிறதா? எட்டரை வருடம் நின்ற வரிசையைச் சென்னை வழியாகச் சுற்றிவந்து முந்தக்கூடிய வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

2026 ஜூனில் சென்னையில் சேர்ந்தால் 2027 ஜூனில் ஒரு வருடம் முடிகிறது. அப்போது மகளுக்கு 19½. மனு அதன்பின் போனாலும் 21-க்கு முன்னால் வேலை முடிய இடமிருக்கிறது.

இப்போது தண்ணீர் ஊற்றுகிறேன். டைரக்டர் என்று விசிட்டிங் கார்டில் போட்டால் மேலாளர் ஆகிவிட முடியாது. உங்களுக்குக் கீழே மேலாளர்களோ பட்டதாரி வல்லுநர்களோ இருக்கிறார்களா, ஆள் எடுப்பதும் நீக்குவதும் உங்கள் கையிலா, நிறுவன வரைபடம் என்ன சொல்கிறது என்று துருவிப் பார்ப்பார்கள். நாள் முழுக்க கோட் எழுதிக்கொண்டிருந்தால் மனு நிற்காது. திரும்ப அழைப்பது முழுக்க நிறுவனத்தின் விருப்பம். எழுதிக் கொடுக்க மாட்டார்கள், வாய்வார்த்தையை நம்ப முடியாது. விதி மாறலாம், ஈபி-1 தேதியும் பின்வாங்கலாம். ஆகவே திரும்பப் போவதற்காக மட்டும் சென்னைக்கு வராதீர்கள். திரும்பப் போகவே முடியாவிட்டாலும் அந்த வேலையும் அந்த ஊரும் உங்களுக்குச் சரிப்படுமா என்று முதலில் பாருங்கள். சரிப்படும் என்றால், இந்தக் கதவு கூடுதல் லாபம்.

எச்-1பியிலேயே மறுபடி போய்விடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதற்கு இப்போது விலை ஏறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 21 முதல், செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம். மேலாளர்களுக்கான எல்-1 விசாவுக்கு அது கிடையாது. உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை எந்தத் தேதிவரை என்று எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் வேலையை விட்டுக் கிளம்பும் நாளில் மகளின் எச்-4-உம் முடிகிறது. அவள் அங்கே தங்கிப் படிப்பதென்றால் எஃப்-1-க்கான மனு அந்த நாளுக்கு முன்பே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களோடு வந்து, சென்னைத் தூதரகத்தில் எஃப்-1 முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

மகன் விஷயத்தில் ஒரு திருத்தம். "சின்னவனை இங்கே குறைந்த செலவில் மெடிக்கல் படிக்க வைக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அவன் அமெரிக்கக் குடிமகன். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுத்தால் இங்கே பள்ளியில் படிக்கலாம், தங்கலாம். ஆனால் 2021 மார்ச் 4-ஆம் தேதி அறிவிக்கைப்படி நீட் போன்ற நுழைவுத்தேர்வுகளில் ஓசிஐ மாணவர்களுக்கு என்ஆர்ஐ இடங்கள்தான். அவற்றின் கட்டணம் உங்களுக்குத் தெரியாததல்ல. விவசாய நிலமும் அவன் பெயரில் வாங்க முடியாது. தாத்தாவின் நிலம் வாரிசாக வருவது வேறு.

கனடா? 44 வயதில், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அவர்களுடைய குடியேற்ற மதிப்பெண் முறையில் வயதுக்கான மதிப்பெண் ஏறக்குறைய கரைந்துவிட்டது, 45-இல் பூஜ்யம். அந்தப் பேச்சை விடுங்கள்.

பணம்

அமெரிக்கச் சேமிப்புக்கெல்லாம் வந்த மறுநாளே இங்கே வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு நிதியாண்டு, சிலருக்கு மூன்று. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் சம்பாதித்து வெளிநாட்டிலேயே பெறும் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் ஆகியவற்றுக்கு இங்கே வரி இல்லை. எந்த மாதம் வந்து இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். டிக்கெட் போடுமுன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

வெளிநாட்டுவாசியாக இருந்தபோது வாங்கிய அமெரிக்க வீட்டையும் கணக்குகளையும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் தொடர்ந்து வைத்திருக்கலாம். இங்குள்ள என்ஆர்ஈ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்கை மட்டும் வங்கியில் சொல்லி மாற்றிவிட வேண்டும். பலர் மறந்துபோகும் விஷயம் இது. 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை உடைத்து எடுத்து வராதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரிக்கு மேல் 10 சதவீதம் தண்டம். அதன் வருடாந்திர வளர்ச்சிக்கு இங்கே அப்போதைக்கப்போது வரி போடாமல், எடுக்கும்போது போட வகை இருக்கிறது. அதற்கான படிவத்தைக் காலத்தில் கொடுக்க வேண்டும்.

அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்குப் பத்து வருட வேலை, அதாவது 40 கிரெடிட் வேண்டும். உங்களுக்கு முடிந்துவிட்டது. இரண்டு நாட்டுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லாததால் இங்கே பார்க்கும் வேலை அதில் சேராது. உங்கள் மனைவிக்கு 2018-இலிருந்து எண்ணினால் இன்னும் இரண்டு வருடம் குறைகிறது.

அப்பா

பீரோவில் ஒட்டியிருக்கிற கட்டிங்கைப் பற்றி. சுந்தர் பிச்சை 1993-இல் மாணவராகப் போனவர். பெப்சிகோவை நடத்திய இந்திரா நூயி 1978-இல், மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளா 1988-இல். மூவருமே அங்கே மேல்படிப்புக்குப் போய், அங்கிருந்தே வேலைக்குப் போனவர்கள். அவர்கள் கிரீன் கார்டு வாங்கிய காலத்தில் இந்தியர்களுக்கான வரிசை இப்படி நீளவில்லை. திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் நாற்பது வயதில் எடுத்த ரிஸ்க்குகளை எடுக்க உங்கள் விசா உங்களை விடவில்லை என்பதையும் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். ஒரே பரீட்சை எழுதி நீங்கள் மட்டும் குறைந்த மார்க் வாங்கியதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தலைமையாசிரியர் ஆயிற்றே.

நாதெள்ளா தன் வரலாற்றில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். 1994-இல் அவர் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கையில் கிரீன் கார்டு இருந்தது. புதிதாகக் கல்யாணமான மனைவியை அழைத்துக்கொள்ள முடியவில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. எச்-1பிகாரரின் மனைவி உடனே வரலாம். அவர் டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், விசாவுக்காக நீண்டிருந்த வரிசையைத் தாண்டி, கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எச்-1பி கேட்டார். உள்ளே இருந்த குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லையாம். சொன்ன காரணம், மனைவியோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பது. அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். பேப்பர் கட்டிங்கில் இது வந்திருக்காது.

"ஊர் என்ன சொல்லும்" என்பதற்கு என்னிடம் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. ஆனால் 60 பேர் இருக்கும் ஓர் அலுவலகத்தை நடத்த வருகிறவரைத் துரத்திவிடப்பட்டவர் என்று கும்பகோணத்தில் யாரும் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவிடம் முடிவைச் சொல்லாதீர்கள். இப்போதே, முடிவெடுப்பதற்கு முன்னால், கணக்கை விரித்து வைத்து அபிப்பிராயம் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

ஜனவரிக்குள்

ஐ-140 ஒப்புதல் தாளின் நகல் உங்களிடம் இல்லை, நிறுவனம் வைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதைக் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். கொடுக்க மறுத்தால், அமெரிக்காவின் தகவல் பெறும் சட்டத்தின்படி குடிவரவுத் துறையிடமே நகல் கேட்கலாம். நாளாகும், ஆனால் கிடைக்கும். நான் மேலே சொன்ன எல்லாமே அந்தத் தாளில் உள்ள தேதியை நம்பித்தான் நிற்கிறது.

சென்னைப் பதவியின் பொறுப்புகளை எழுத்தில் வாங்குங்கள். யார் உங்களுக்குக் கீழே, யாருக்குப் பதில் சொல்வீர்கள், பட்ஜெட் யார் கையில் என்று. சேரும் தேதியை மகளின் பள்ளி முடியும் ஜூனுக்குத் தள்ளிக் கேளுங்கள். டைரக்டர் வேலைக்கு ஐந்து மாதம் காத்திருப்பது நிறுவனங்களுக்குப் புதிதில்லை. ஒருவேளை அங்கேயே இருப்பது என்று முடிவானால், மனைவியின் ஈஏடி எப்போது முடிகிறது என்று பாருங்கள். 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு மனுக்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு நின்றுவிட்டது. 180 நாளுக்கு முன்பே மனு போடலாம், அந்த முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அட்டை வரும்வரை அவர் வேலையிலிருந்து இறங்கி வீட்டில் இருக்க வேண்டியிருக்கும்.

மனைவி என்றதும் நினைவு வருகிறது. சென்னைக்கு வந்தால் ஏழு வருட வேலையை விடப்போவது அவர். மகள் அங்கே, மகன் இங்கே என்றானால் இரண்டு பக்கமும் மனசு ஓடப்போவதும் அவர். அவர் என்ன நினைக்கிறார் என்று ஆறு பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அடுத்த கடிதம் எழுதினால் அதில் இரண்டு பக்கமாவது அவர் கையெழுத்தில் இருக்கட்டும். பதில் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.